குப்புறப் படுக்கப் போகும் தங்கைக்கு, மலை இறங்கி வந்தவள் எழுதுவது

என்னோடு கூடப் பிறந்தவளுக்கு, உனக்கு முன்னால் பிறந்தவள் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பேத்தியும் நாயும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை போனது, முழங்கால் ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டாம். உன்னோடு போனில் பேசுவதில்லை என்று நான் எடுத்த முடிவு இன்றைக்கும் அமலில் இருக்கிறது. கடிதம் எழுத மாட்டேன் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லை என்றால் நான் சொல்லவில்லை என்று அர்த்தம். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உன் கண்ணுக்குள்ளே திரையில் ஓட்டை விழுந்திருக்கிறதாம், ஆபரேஷன் செய்து அதை அடைக்கப் போகிறார்களாம், அடைத்த பிறகு பல நாளைக்கு நீ குப்புறவே படுத்துக் கிடக்க வேண்டுமாம், சாப்பிடுவதுகூடத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதானாம், தனிக்கட்டையான உனக்கு அப்போது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமாம், அந்த ஆள் அக்காவாக இருந்தால் தேவலை என்று நீ சொல்லி அனுப்பினாயாம். என் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். வர மாட்டேன். உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு தடவை என்னைக் கூப்பிட்டார்கள், அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. நீ புதிதாக நடக்கப் பழகி, திறந்திருக்கிற கதவையெல்லாம் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னை உன் பின்னால் ஓட விட்டார்கள். நான் பதினொன்றாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்திருந்தேன். பன்னிரண்டாம் வாய்ப்பாடு எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குக் காரணம் நீ. இப்போது மறுபடியும் உன்னைப் பார்த்துக்கொள்ள நான்தான் ஆளா? இதை நேரில் கேட்க வாய் வராமல், என் பேத்தியைத் தூண்டிவிட்டு, சீசன் முடிந்து ஈ காக்காய் இல்லாத ஒரு மலையில் என்னை ஏற்றி அல்லவா கேட்க வைத்தாய்! அந்த மலையில் நான் பட்ட பாட்டை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று விடாமல் எழுதுகிறேன், எனக்கு எதுவும் மறக்காது என்பது உனக்குத் தெரியும்.

பேத்தியின் வேலை உனக்குத் தெரிந்ததுதான். துணி துவைக்கிற மெஷின் கெட்டுப்போனவர்கள் போன் செய்து திட்டுவார்கள், இவள் காதில் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும், கேட்டுவிட்டு "உங்கள் சிரமம் புரிகிறது, இதற்காக வருந்துகிறோம்" என்று சொல்ல வேண்டும். ஊரார் திட்டுவதைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிற பெண், வீட்டுக்கு வந்ததும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். நான் வாயைத் திறந்தால் "பாட்டி, காது வலிக்குது" என்பாள். நாயை அவள் கொண்டுவந்தது அவளுடைய ஆபீஸ் வேன் நிற்கிற இடத்திலிருந்து, வேனுக்கு அடியில் மழைக்கு ஒதுங்கிக் கிடந்ததாம். அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். ஆபீசில் சொல்ல முடியாததையெல்லாம் வீட்டில் "மேனேஜர், உட்காரு! மேனேஜர், செருப்பைக் கீழ போடு!" என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்கு ஒரு திருப்தி. போகட்டும். ஆனால் கீழ் வீட்டுக்காரர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர், சத்தம் ஆகாது. ஒருநாள் மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார். நாயைப் பற்றித்தான் புகார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "இல்லைங்க, நாய் குரைக்கிறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, அது எப்பவாவதுதான்" என்று சொல்லிவிட்டு, பேத்தியைப் பார்த்து, "பெரியம்மா பேசறதத்தான் கொஞ்சம்..." என்று இழுத்தார். அதை நான் மறக்கப் போவதில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. எங்கேயாவது அமைதியான இடத்துக்குப் போய்வர வேண்டும், நாயையும் கொஞ்சம் ஓட விட வேண்டும் என்று பேத்தி புலம்பினாள், உன்னிடமும் புலம்பினாள். நீ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஷூ போட்டுக்கொண்டு மலை மலையாக ஏறுகிறவள் அல்லவா, உடனே யோசனை சொன்னாய். அவள் போனைச் சத்தமாக வைத்துப் பேசியதால் நானும் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை, அதே அறையில் இருந்தேன். "சீசன்ல போகாதே கண்ணு, சந்தைக்கடையா இருக்கும். சீசன் முடிஞ்சு போ, அதுவும் வாரத்துக்கு நடுவுல. முதல் இடத்துல கூடாரம் போடாதே, கார் வர்ற வரைக்கும் எல்லாரும் வருவாங்க. ரெண்டாவது தண்ணிக்குப் பக்கம், அங்கயும் யாராவது இருப்பாங்க. முகட்டைத் தாண்டு, மூணாவது இருக்கு. அங்க உன் மூச்சு உனக்கே கேக்கும்" என்று தேன் ஒழுகப் பேசினாய். என் மூச்சு எனக்குக் கேட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஏற ஆரம்பித்ததிலிருந்தே கேட்டது. பேத்திக்கும் கேட்டது. கீழே பஸ்காரருக்கும் கேட்டிருக்கும்.

இவர்கள் போவதற்கு நான் எதற்கு என்று நீ கேட்கலாம். நானும் கேட்டேன். "நீங்க வராட்டி மேனேஜர் வர மாட்டான் பாட்டி" என்றாள். அது உண்மைதான். முன்னொரு தடவை அவள் மட்டும் கூட்டிப் போனபோது தெருமுனையில் உட்கார்ந்துவிட்டது, இழுக்க இழுக்கத் தரையோடு தேய்ந்துகொண்டே வந்ததாம். ஆகவே இந்த வயதில் என்னை மலைக்கு அழைத்துப் போனது எனக்குக் காற்று வாங்கிக் கொடுக்க அல்ல, நாய்க்குத் துணையாக. அதற்கு ஷூ வாங்கினாள், பாறையில் பாதம் கிழியக் கூடாது என்று நாலு காலுக்கும், கடையில் அளவு எடுத்து வாங்கினாள். எனக்கும் ஒரு ஜோடி எடுத்து நீட்டினாள். போட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது, நல்ல ஷூதான் என்று வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன். பாதி வழியில்தான் சொல்கிறாள், அது உன்னுடைய பழசு என்று. அக்காவின் பழசு தங்கைக்கு வரும், அதுதான் உலகம். தங்கை கழித்துப் போட்டதை அக்கா மாட்டிக்கொண்டு மலை ஏறிய கதையை நீ எங்காவது கேட்டிருக்கிறாயா? கழற்றி எறிந்திருப்பேன். வழியெல்லாம் கல்லாக இருந்தது, அதனால் எறியவில்லை.

மலைக்கு அடியில் இருந்த கடை சாத்தியிருந்தது. கக்கூஸ் பூட்டியிருந்தது. குழாயைத் திருகினால் ஒரு பூச்சி வந்தது, தண்ணீர் வரவில்லை. "சீசன்ல வந்தா இதெல்லாம் திறந்திருக்குமா?" என்று கேட்டேன். "திறந்திருக்கும் பாட்டி, ஆனா கூட்டமா இருக்கும்" என்றாள். "எந்தக் கூட்டமும் என்னைப் புதருக்குப் பின்னால அனுப்பியிருக்காது" என்றேன். ஏற ஆரம்பித்தோம். பை முதுகில், நாய் முன்னால், நான் நடுவில். கொஞ்ச தூரம் போனதும் நின்று, "மேல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல பாட்டி. அதான் அழகு."

"ஒண்ணும் இல்லாததுக்கா இவ்வளவு ஏத்தம்?"

"அங்க போனா புரியும்."

"எனக்கு இங்கயே புரியுது. ஒண்ணும் இல்லாத இடம் நம்ம வீட்டு மொட்டை மாடியிலயும் இருக்கு. லிஃப்டும் இருக்கு."

நாய் திரும்பி என்னைப் பார்த்தது. நாலு ஷூவையும் மாட்டிக்கொண்டு ஈரத்துணியில் நடப்பதுபோல் ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறி வைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே எண்ணம்தான் என்று எனக்குத் தெரிந்தது.

முதல் இடத்தில் ஒரு காவலாளி இருந்தார். கம்பளித் தொப்பி, ரப்பர் பூட்ஸ். சீசன் முடிந்த பிறகு ஆள் முகம் பார்க்காத மனிதர். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார், ஏதோ விதி மீறிவிட்டோம் என்று பயந்தேன். அவருக்குப் பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான். இடது பூட்ஸில் ஓட்டை, எழுதிப் போட்டும் புதிது தரவில்லை, மாற்றல் கேட்டும் கிடைக்கவில்லை, மச்சான் கல்யாணத்துக்குப் போக விடவில்லை என்று கூடவே நடந்துகொண்டு சொல்கிறார். அமைதி தேடி வந்த பேத்தி, பழக்க தோஷத்தில், "உங்கள் சிரமம் புரிகிறது சார், இதற்காக வருந்துகிறோம்" என்று சொல்லிவிட்டாள். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது. அவருக்காக வருந்தியவர்கள் அந்த மலையில் அதுவரை யாரும் இல்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் எங்களை விடுவாரா? மச்சானின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். அவரிடமிருந்து தப்பிக்கத்தான் இரண்டாவது இடத்துக்குப் போனோம்.

அங்கே ஓடைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தது, கண்ணை மூடிக்கொண்டு. மரத்தில் பலகை மாட்டியிருந்தார்கள், மௌனமாக இருக்கவும் என்று. நான் பலகையைக் கவனிப்பதற்கு முன்னால், மனிதர்களைப் பார்த்தால் பேச வேண்டும் என்று வளர்ந்தவள் ஆகையால், "எல்லாரும் சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டேன். அத்தனை பேரும் கண்ணைத் திறக்காமலே வாயில் விரலை வைத்தார்கள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாய்க்கு அதைவிடச் சந்தேகம், இத்தனை பேர் அசையாமல் இருந்தால் அதற்கு என்ன தோன்றும்? உயிர் இருக்கிறதா என்று பார்க்க, நடுவிலிருந்த வழுக்கைத் தலைக்காரர் உச்சந்தலையை ஒரே இழுப்பில் நக்கிவிட்டது. அவர் சொன்ன வார்த்தையை நான் எழுத மாட்டேன், எழுத்துக் கூட்டவும் தெரியாது. நாள் கணக்கில் பேசாமல் இருந்தவருக்கு அது எவ்வளவு தயாராக இருந்தது என்பதுதான் ஆச்சரியம். "நீங்க பேசிட்டீங்க!" என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சொன்னார். "இப்ப நீங்களும்தான் பேசினீங்க" என்றார் இன்னொருவர். "அதச் சொல்ல நீங்க எதுக்குப் பேசறீங்க?" என்று எதிரிலிருந்து ஒரு குரல். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அங்கே யார் முதலில் பேசியது என்று பெரிய பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

ஆக, முகட்டைத் தாண்டி மூன்றாவது இடம். பொய் சொல்ல மாட்டேன், அது அமைதியான இடம்தான். புல், சாய்ந்த ஒரு மரம், சுற்றிலும் பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் இல்லை. நாய்கூட ஷூவை உதறுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தூக்கிக்கொண்டு நின்றது. பேத்தி கூடாரம் போட்டாள், நாயின் கயிற்றைக் கூடாரக் கம்பியில் கட்டினாள். "பாட்டி, நல்லாக் களைச்சிட்டீங்க, கொஞ்சம் படுங்க" என்று என்னை அந்தத் தூங்குகிற பைக்குள் விட்டாள். தலையணையை உறைக்குள் திணிப்பதுபோல் திணித்து, கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்தாள். கை இரண்டும் உள்ளே. அப்போது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, கதகதப்பாக இருந்தது.

"பாட்டி, கோபப்படாம கேக்கணும்."

"நீ இப்படி ஆரம்பிச்சாலே எனக்குக் கோபம் வருது."

"சின்னப் பாட்டிக்குக் கண்ணுல ஆபரேஷன். நீங்க போய்க் கொஞ்ச நாள் கூட இருக்கணுமாம்."

"யாரு சொன்னது?"

"அவங்கதான்."

"ஏன், அவளுக்கு வாய் இல்லையா?"

"நீங்கதான் பேச மாட்டேங்கறீங்களே!"

"இதக் கேக்கவாடி என்னை இவ்வளவு தூரம் நடக்க வெச்சே?"

"வீட்ல கேட்டா நீங்க கத்துவீங்க, கீழ் வீட்டுக்காரர் வந்துருவாரு. இங்க எவ்வளவு வேணா கத்தலாம். சின்னப் பாட்டிதான் சொன்னாங்க, 'மூணாவது இடத்துல வெச்சுக் கேளு, அங்க ஒருத்தருக்கும் கேக்காது'ன்னு."

அப்படியா சேதி என்று எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பற்றிக்கொண்டது. அமைதியான இடம், நாய்க்கு நல்லது என்று நீ சொன்னதெல்லாம் என்னைக் கத்த விடுவதற்கு ஏற்பாடு! நான் கத்துவேன் என்பதைக் கணக்குப் போட்டு, அதற்குத் தகுந்த மலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய்! சரி, கத்தினேன். நீ எதிர்பார்த்ததைவிட நன்றாகவே கத்தினேன். "மாட்டேன்!" என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். பைக்குள் இருப்பது மறந்துவிட்டது. எழுந்தவள் ஒரு குதி குதித்துக் கம்பியில் போய் விழ, கம்பி பிடுங்கிக்கொள்ள, கூடாரம் எங்கள் இருவர் மேலும் கவிழ்ந்துவிட்டது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வெளியே ஏதோ காட்டு முயலோ என்னவோ ஓடுகிற சத்தம், அதன் பின்னால் நாய் பாய்கிற சத்தம், அதன் பின்னால் கம்பி கல்லில் மோதி மோதிப் போகிற சத்தம். பேத்தி துணியை விலக்கிக்கொண்டு தலையை நீட்டியபோது பனிமூட்டம்தான் இருந்தது. நாய் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததை வேடிக்கையாக எழுத எனக்கு மனசு வரவில்லை. கயிற்றின் முனையில் அந்தக் கம்பி. புதரில் மாட்டினால் கழுத்து இறுகிவிடும், சரிவில் சிக்கினால் தொங்கிப்போகும். இதைப் பேத்தி சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவள் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள், பனி அவளையும் மறைத்தது, நான் அவளைக் கூப்பிட்டேன். பையை எப்படிக் கழற்றினேன் என்று எனக்கு நினைவில்லை, எனக்கு நினைவில்லாத ஒன்று இருக்கிறது என்றால் என் நிலைமையை நீயே யோசித்துக்கொள். நாள் முழுக்கத் திட்டு வாங்கியும் கண்ணில் தண்ணீர் விடாத பெண், "என்னால முடியல பாட்டி, அது வேனுக்கு அடியிலயே நல்லா இருந்திருக்கும்" என்று அழுதாள். மச்சான் கதையின் மிச்சத்தைச் சொல்லப் பின்னாலேயே ஏறி வந்த காவலாளி விசில் ஊதினார், தகரத்தைத் தட்டினார், பிஸ்கட் டப்பாவைக் குலுக்கினார். ஒன்றும் வரவில்லை. "அதட்டினா பயந்துரும். அன்பாக் கூப்பிடணும்" என்றார். பேத்தி தொண்டை கட்டும் வரைக்கும் அன்பாகக் கூப்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"பாட்டி, நீங்க கூப்பிடுங்க. கொஞ்சலாக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். என் செல்லமே, என் ராஜாவே, வாடா என் கண்ணே என்று, பெற்ற பிள்ளையைக்கூட அப்படி நான் கூப்பிட்டதில்லை. என் குரலைக் கேட்டு எனக்கே யாரோ என்று இருந்தது. சாய்ந்த மரத்திலிருந்து ஒரு பறவை எழுந்து போனது, அவ்வளவுதான். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. எனக்கு வந்ததே ஒரு கோபம்! நாய் மேல் இல்லை, பேத்தி மேல் இல்லை. உன் மேல். அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்து, உன்னை ஆரம்பத்திலிருந்து பிடித்தேன்.

"அப்பா எல்லாரையும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு..." என்று ஆரம்பித்ததும் பேத்தி, "பாட்டி, ப்ளீஸ், இப்ப வேணாம்" என்றாள். நான் நிறுத்தவில்லை. பனியைப் பார்த்துச் சொன்னேன், முழுக்கச் சொன்னேன். அப்பா நாற்காலியில், நான் அவருக்குப் பக்கத்தில், அவர் கை என் தோளில். போட்டோக்காரர் துணிக்குள் தலையை விட்ட நேரம், அதுவரை ஓரத்தில் நின்றவள் நீ, முக்காலியை இழுத்துப் போட்டு என் முன்னால் ஏறி நின்றாய். தலையில் இரண்டு பெரிய ரிப்பன். படம் வந்தது. எல்லாரும் இருக்கிறார்கள். நான் இருக்க வேண்டிய இடத்தில் உன் ரிப்பன் இருக்கிறது, ரிப்பனுக்கு அந்தப் பக்கம் ஒரு காது இருக்கிறது. அந்தக் காது நான். அப்பாவின் கை ரிப்பனுக்குப் பின்னால் போய் மறைகிறது, யார் தோளில் இருக்கிறது என்று கேட்டால் நான் சொன்னால்தான் உண்டு. அப்பாவின் படம் அது ஒன்றுதான், அடுத்த படம் எடுக்க அவர் இல்லை. சொந்தக்காரர் வீட்டுச் சுவரிலெல்லாம் நான் காதாகவே தொங்கினேன். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அம்மா அந்தப் படத்தைக் காட்டி, காதைத் தொட்டு, "இதான் பெரியவ" என்றாள். அழுதுகொண்டு உன்னிடம் வந்து கேட்டேன், ஏன்டி இப்படிச் செய்தாய் என்று. நீ என்ன சொன்னாய்? "நீ நகர்ந்திருக்கணும்" என்றாய்!

அந்த வார்த்தையைச் சொன்னேனோ இல்லையோ, கல்லில் கம்பி உரசுகிற சத்தம். பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு ஷூ, அப்புறம் மூக்கு, அப்புறம் நாய். மூன்று கால் ஷூ போயிருந்தது, காது ஓரம் ரத்தக் கீறல், உடம்பெல்லாம் முள். நேரே வந்து என் கால்மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது. வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தது.

எதற்கு என்று உனக்குத் தெரியாது, பேத்திக்கும் அதுவரை தெரியாது. சாயங்காலம் அவள் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போன பிறகு, நான் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டு உட்காருவேன். கேட்க ஆள் இல்லையே என்று இந்தக் கதையை நாயிடம் சொல்வேன். ஒரு நாள் தவறாமல் சொல்வேன். "நீ நகர்ந்திருக்கணும்" வரும்போது டீயில் ரஸ்க்கை நனைத்துப் பாதியை நான் சாப்பிட்டு மீதியை அதற்குக் கொடுப்பேன். அது என்னவோ அந்தக் கதையை அதற்கான தாலாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. காவலாளி டப்பாவைத் திறந்து பிஸ்கட் கொடுத்தார். பேத்தி அதைக் கட்டிக்கொண்டு முள்ளைப் பிடுங்கினாள், சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும். ஆனால் ரஸ்க் இல்லை என்று அது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதுவும் உன் கணக்கில்தான் சேரும்.

காவலாளி என் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். "அம்மா, உங்க தங்கச்சி செஞ்சது ரொம்பத் தப்பு" என்றார். நன்றாகக் கேட்டுக்கொள்! நம் சொந்தத்தில் ஒருத்தர் வாயிலிருந்து இது வரவில்லை. உறவும் இல்லாத, பகையும் இல்லாத ஒரு மனிதர், முழுவதும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த மலை முழுவதும் ஏறியது வீண் இல்லை என்று தோன்றியது. அத்தோடு விட்டிருக்கலாம். "அவங்களுக்கு அப்ப என்ன வயசும்மா?" என்று கேட்டார்.

"ஒம்பது" என்றேன்.

பேத்தி நாயின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. "ஒம்பது வயசா?" என்றார் அவர், தொப்பியால் வாயை மூடிக்கொண்டு. அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். நீ தேர்ந்தெடுத்த அந்த அமைதியான இடத்தில், முகட்டுக்கு அந்தப் பக்கம் மௌனக் கூட்டத்துக்கே கேட்டிருக்கும், அப்படிச் சிரித்தார்கள். ஒன்பது வயது என்றால் முக்காலி தூக்கத் தெரியாதா? ரிப்பன் கட்டத் தெரியாதா? நாய் மட்டும் சிரிக்கவில்லை. அது கதையின் அடுத்த பாகத்துக்குக் காத்திருந்தது.

ஆகவே என் முடிவில் மாற்றம் இல்லை. நான் வர மாட்டேன். வேறு ஆள் பார்த்துக்கொள். பார்க்கும்போது சிலது கவனிக்க வேண்டும். சொட்டு மருந்து விடப் போனால் நீ கண்ணை இறுக்கிக்கொள்வாய், சின்ன வயதில் கண்ணில் தூசி விழுந்தபோதே அப்படித்தான், நெற்றியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தால்தான் திறப்பாய், அது தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். குப்புறப் படுத்தால் உனக்கு மூக்கு அடைக்கும், மார்புக்கு அடியில் மடித்த போர்வை வைக்க வேண்டும், தலையணை ஆகாது. கஞ்சி ஆறினால் குடிக்க மாட்டாய், சூடாக இருந்தால் கத்துவாய், இரண்டுக்கும் நடுவில் ஒரு சூடு இருக்கிறது, அதைச் சொல்லித் தர முடியாது, பழகினால்தான் வரும். தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிடுவாய், காலை மேலே போட்டுப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் படுக்க வேண்டும், நான் அப்படித்தான் படுத்தேன், உன் உதை வாங்கியது எனக்கு மறக்கவில்லை. இதெல்லாம் தெரிந்த ஒரு ஆள் சம்பளத்துக்குக் கிடைத்தால் வைத்துக்கொள். கிடைக்காவிட்டால் அது என் தப்பு இல்லை.

மூத்தவள் என்கிற முறையில் உன் கண்ணும் காலும் நன்றாக இருக்கட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஆசீர்வாதம் முறைக்காகச் செய்வது, அதை வைத்து ஏதும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பேத்தி உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். நாய் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வர மாட்டேன் என்று சொன்ன உன் அக்கா.

பின்குறிப்பு: எழுத்துக் கூட்டிக் கூட்டி இதை எழுதி முடிப்பதற்குள், பேத்தி வேலையிலிருந்து வந்து சொல்கிறாள், உன் ஆபரேஷனை முன்கூட்டியே வைத்துவிட்டார்களாம், நாளைக்கே என்று. இனி இதைத் தபாலில் போட்டால் நீ குப்புறக் கிடக்கும்போது வந்து சேரும், உன்னால் படிக்க முடியாது. நீ வைக்கப் போகிற ஆளைப் படிக்கச் சொன்னால் நம் வீட்டு விஷயம் வெளியே போய்விடும். பேத்தியைப் படிக்கச் சொன்னால் பாதியை விழுங்கிவிட்டு நடுநடுவே வருந்துகிறோம் என்று சேர்த்துவிடுவாள். ஆகையால் நானே எடுத்துக்கொண்டு வந்து படித்துக் காட்டுவதாக முடிவு செய்திருக்கிறேன். கிளம்பிவிட்டோம், நாய் ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. நான் மெதுவாகத்தான் படிப்பேன், கண் சரியாகிற வரைக்கும் இழுக்கும். "வர மாட்டேன்" என்று எழுதியிருக்கிற இடங்கள் வரும்போது நீ சிரிக்கக் கூடாது. சிரித்தால் கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால், வந்ததும் நான் சொல்ல வைக்கிறேன்.